மட்டம் பார்த்துப் போட்ட லைன்

கக்கூஸைப் பற்றி எழுதப்போகிறேன். மூக்கைப் பொத்துகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் மரக்காணத்தில் என்னோடு ஆறாம் வகுப்புப் படித்தவர்கள் யாரும் நகரக் கூடாது. அதற்குள் நமக்கெல்லாம் முன்மண்டையில் ஒன்றிரண்டு வெள்ளை முடி எட்டிப்பார்க்கிறது. உட்கார்ந்து எழுந்தால் முட்டி முனகுகிறது. பாத்ரூமில் வெந்நீர் சரியாக வரவில்லை என்று நம் பிள்ளைகள் நம்மோடு சண்டை போடுகிறார்கள். அன்றைக்கு நம் தெருவில் எத்தனை வீட்டில் கக்கூஸ் இருந்தது? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். விடிவதற்கு முன்னால் சொம்பை எடுத்துக்கொண்டு முள்ளுக்காட்டுக்குப் போகாத பெண்பிள்ளை நம்மில் யார்?

எங்கள் வீட்டுக்குக் கக்கூஸ் வந்தது சுனாமிக்கு அடுத்த வருஷம். அண்ணன் புதுச்சேரியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் குயிலாப்பாளையத்தில் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா அங்கே வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற ஒரு கெஸ்ட் ஹவுஸில் வாட்ச்மேன். வீடு பார்க்க வந்த மனுஷன் வாசலில் நின்று பேசிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. பின்பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்து, ரொம்பத் தன்மையாகத்தான் சொன்னார்.

"எல்லாம் திருப்திதான் சம்மந்தி. ஒரே ஒரு கொறதான். எம்பொண்ணுக்கு முள்ளுக்காட்டுக்குப் போய்ப் பழக்கமில்ல."

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "கல்யாணம் ஆவணியிலதான? ஆடி முடியறதுக்குள்ள கக்கூஸ் ரெடியா இருக்கும். இல்லன்னா நான் மேஸ்திரி இல்ல" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

மேஸ்திரி என்றதும் வீடு கட்டுகிற மேஸ்திரி என்று நினைத்துவிடாதீர்கள். உங்களுக்குத் தெரியும், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். அப்பா உப்பளத்து மேஸ்திரி. மழை முடிந்து தை பிறந்ததும் பாத்திகளைக் காலால் மிதித்து மிதித்து, பலகை போட்டு இழுத்து, தரையை மட்டமாக்க வேண்டும். ஒரு மூலையில் தண்ணீர் விட்டால் நான்கு மூலையிலும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சரிந்தால் அந்தப் பக்கம் உப்பு விளையாது, சேறுதான் மிஞ்சும். மட்டம் பார்ப்பதில் அப்பாவை மிஞ்ச ஆள் இல்லை என்பார்கள். பக்கத்து அளத்துக்காரர்கள்கூட வீடு தேடி வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். போகும்போது அப்பா ஒரு முழம் உயரமாகிவிடுவார்.

அந்த வருஷம் கொத்தனார் கிடைப்பது குதிரைக்கொம்பு. குப்பம் குப்பமாகச் சுனாமி வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். கரணை பிடிக்கத் தெரிந்தவன் எல்லாம் அங்கே போய்விட்டான். ஒரு கொத்தனார் வந்து சுவரை எழுப்பி, பேசினைப் பதித்து, வேலியோரம் சிமென்ட் உறை இறக்கித் தொட்டி கட்டிவிட்டு, பைப் லைன் போட அடுத்த வாரம் வருகிறேன் என்று போனவர்தான். ஆடி முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே இறங்கிவிட்டார்.

அவரிடம் கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற ஒரு நீளமான பிளாஸ்டிக் டியூப் இருந்தது. உள்ளே தண்ணீர் நிரப்பி, இந்த முனையை அம்மா பிடிக்க, அந்த முனையை அப்பா பிடிப்பார். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே கோட்டில் நின்றால் மட்டம் சரி. அந்த டியூப் இப்போது எங்கே போனதோ தெரியவில்லை. பேசினிலிருந்து தொட்டி வரை பள்ளம் தோண்டி, பாத்திக்கு மிதிப்பது போலவே அடிமண்ணை மிதித்து, பலகை போட்டுத் தேய்த்து, அதன் மேல் பைப்பை வைத்தார். தெருவில் போனவர்கள் எல்லாம் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். "கண்ணுல ஒத்திக்கலாம் மேஸ்திரி" என்றார் ஒருவர். அப்பா மீசைக்குள் சிரித்துக்கொண்டு மண்ணைத் தள்ளி மூடினார்.

ஆவணியில் அண்ணி வந்தாள்.

அண்ணியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், அதனால் கொஞ்சமாகச் சொல்கிறேன். அவளிடம் ரோஸ் நிற மூடி போட்ட ஒரு பவுடர் டப்பா இருந்தது. அதைத் திறந்தாலே எங்கள் வீட்டின் கருவாட்டு வாசனை கொஞ்ச நேரம் ஒதுங்கி நிற்கும். சாயங்காலம் என்னை முன்னால் உட்காரவைத்துப் பேன் பார்த்து, சிக்கு எடுத்து, இரட்டை ஜடை போடுவாள். அதுவரை எங்கள் வீட்டில் என் தலையை அதட்டாமல் தொட்டவர்கள் கிடையாது. "பாப்பா, ஒன் முடி எவ்ளோ அடர்த்தி தெரியுமா?" என்பாள். நான் அவள் பின்னாலேயே நாய்க்குட்டி மாதிரி சுற்றினேன்.

அவள் வந்து ஒரு மாதம்கூட இருக்காது. ஒருநாள் காலை ஊற்றிய தண்ணீர் கொஞ்சம் இறங்கி, பிறகு மனசு மாறித் திரும்பி மேலே வந்தது. அதோடு வந்த மற்றதை எல்லாம் நான் வர்ணிக்கப்போவதில்லை.

இந்த மாதிரி வேலைக்கு ஒரு ஆளைக் கூப்பிட்டுவிடுவது அப்போது ஊர் வழக்கம். அந்த ஆளுக்கு ஒரு பெயர் இருக்கும் என்று யாரும் யோசித்ததில்லை, நானும் யோசித்ததில்லை. அப்பா கூப்பிடவில்லை. இரக்கம் என்று எண்ணாதீர்கள். தான் போட்ட லைனை இன்னொருத்தன் கிளறிப் பார்ப்பதா என்ற வீம்பு. மூங்கிலைப் பிளந்து, தொட்டிப் பக்கத்திலிருந்து விட்டுக் குத்தி, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அவரே எடுத்தார். அம்மா பின்னாலேயே ஒரு கூடை உப்பை அள்ளிக் கொட்டினாள். நம் ஊரில் எதற்குத்தான் உப்புப் போடவில்லை? தென்னைக்குப் போடுவோம், திருஷ்டிக்குச் சுற்றுவோம், பல் வலிக்கு அடக்கிக்கொள்வோம். கக்கூஸுக்கும் போட்டோம். பத்து நாளில் மறுபடியும் அடைத்துக்கொண்டது. எடுத்தார். மறுபடியும் அடைத்தது.

மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ, அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "லைனு புதுசு. பைப்பு புதுசு. போட்டது யாரு, ஒங்கப்பா. வூட்டுல புதுசா வந்தது வேற யாரு?"

மாதவிலக்குத் துணியை அண்ணி உள்ளே போட்டுவிடுகிறாளாம், அதுதான் போய் அடைக்கிறதாம். எனக்கு வாய் சும்மா இருக்குமா? அண்ணி எல்லாவற்றையும் பேப்பரில் சுற்றி வேலிக்குப் பின்னால் எரிப்பதை நான் கண்ணால் பார்த்திருந்தேன். அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். "வயசுக்கு வராத கழுத, ஒனக்கு இன்னாடி இந்தப் பேச்சு?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். வீட்டில் சொன்னதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அம்மா அதைக் குழாயடிக்குக் கொண்டுபோனாள்.

குழாயடி உங்களுக்குத் தெரியும். தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம் வரும், பேச்சு இரண்டு மணி நேரம் ஓடும். "குயிலாப்பாளையத்துல வெள்ளக்காரங்கள பாத்து வளந்த பொண்ணாச்சே, எல்லாத்தையும் உள்ளயே தள்ளி தண்ணி ஊத்திடுறா. எம்புருசன் முதுகு ஒடிய எடுக்கிறாரு" என்று அம்மா சொன்னபோது குடத்தோடு பக்கத்தில் நின்றது நான். அண்ணி வரிசையில் எனக்குப் பின்னால் நின்றாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, எல்லோரும் அவள் குடத்தைப் பார்த்தார்கள். ஒரு புதுப்பெண்ணின் விலக்கு நாள் கணக்கு தெருவுக்கே தெரிந்துபோயிற்று.

அன்றிலிருந்து அண்ணி அந்தக் கக்கூஸுக்குள் காலை வைக்கவில்லை. அவளுக்காகக் கட்டிய கக்கூஸ்! விடியுமுன் மற்ற பெண்களோடு முள்ளுக்காட்டுக்குப் போனாள். முதல் நாளே காலில் முள் ஏறிவிட்டது. பகலில் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். உதடு வெடித்தது. ஜுரம் வந்தது, நீர்க்கடுப்பு என்று டாக்டரம்மா திட்டினார். அண்ணனிடம் சொல்லி அழுதிருப்பாள்தான். அவன் கடைசி பஸ்ஸில் வந்து முதல் பஸ்ஸில் போகிறவன். "அம்மா அப்படித்தான், நீ கண்டுக்காத" என்றான். நல்லவன்தான், ஆனால் அந்த வாயை வைத்துக்கொண்டு துணிதான் விற்கலாம்.

அப்பா? அவர்பாட்டுக்கு அடுத்த அடைப்புக்கு மூங்கிலைச் சீவிக்கொண்டிருந்தார். லைனில் குறை இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஒரு ஆள் மேல் இருக்கிற நம்பிக்கையை விடத் தன் கண் மேல் இருக்கிற நம்பிக்கை பெரிசு அவருக்கு.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷத்து மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அளம் முழுக்கத் தண்ணீர், மூடிவைத்த உப்புக் குவியல்கள் மட்டும் கீற்றுத் தொப்பி போட்டுக்கொண்டு நின்றன. அதற்கு நடுவில் தீபாவளி. அண்ணிக்குத் தலை தீபாவளி. அவள் அப்பா வந்து முறையாக அழைத்துப் போனார், அண்ணனும் போனான். தீபாவளி முடிந்து அண்ணன் மட்டும் திரும்பி வந்தான்.

"எங்கடா அவ?"

"வரமாட்டேங்கிறாம்மா. அந்த வூட்ல கால் வெக்கமாட்டேன்னு சொல்லிட்டா."

"வேணாம்னா போவட்டும்" என்றாள் அம்மா. குரலில் பழைய வேகம் இல்லை. நான் பவுடர் வாசனை இல்லாத அறையில் போய் உட்கார்ந்து அழுதேன். என் தலையை அம்மா வாரிவிட்டாள். வலித்தது.

அண்ணி போன பிறகு, அவள் இல்லாத வீட்டில், லைன் மறுபடியும் அடைத்துக்கொண்டது. நான் சந்தோஷமாக ஓடிப் போய் அம்மாவிடம் சொன்னேன். "இப்ப யாரும்மா போட்டாங்க?"

அம்மா ஒரு நொடி திகைத்தாள். உடனே சமாளித்தாள். "போறதுக்கு முன்னால அவ போட்டதுதான் இப்ப வந்து நிக்குது."

அப்பா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அம்மாவைப் பார்த்த பார்வை புதுசு. மழை கொஞ்சம் வெறித்திருந்தது. கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் லைன் முழுவதையும் தோண்டினார். பைப்பை வெளியே எடுத்து ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். துணி இல்லை, பஞ்சு இல்லை, ஒன்றுமே இல்லை. அடியில் நீளத்துக்கும் கசடு படிந்திருந்தது, அவ்வளவுதான். அவருக்குப் புரியவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

அப்போது மழை திரும்ப வந்தது. எல்லோரும் உள்ளே ஓடிவிட்டோம். மழை விட்டதும் அப்பா போய்ப் பள்ளத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். நானும் போனேன். திறந்து கிடந்த பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்றது. கக்கூஸ் பக்கமும் கணுக்கால் ஆழம், தொட்டிப் பக்கமும் அதே கணுக்கால் ஆழம். எந்தப் பக்கமும் போகாமல், ஒரு சொட்டு அசையாமல், வானத்தைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றது. அவ்வளவு அழகான மட்டம்.

அப்பா ஒரு வேப்பிலையைக் கிள்ளி அதில் போட்டார். இலை இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் ரொம்ப நேரம் அந்த இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா?" என்றேன்.

"பாத்தி கட்டி வச்சிருக்கேன் பாப்பா" என்றார்.

எனக்கு அப்போது விளங்கவில்லை. கொத்தனாராக இருந்தால் ஒரு பக்கம் தாழ்த்தி வாட்டம் விட்டிருப்பார், தண்ணீர் தானாக ஓடியிருக்கும். அப்பாவின் கைக்கு வாட்டம் என்பது தப்பு. நாற்பது வருஷமாகத் தண்ணீரை நிற்க வைத்தே பழகிய கை அது.

மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு குயிலாப்பாளையம் கிளம்பினார். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. பஸ்ஸில் மெயின் ரோட்டில் இறங்கி, செம்மண் சேற்றில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தோம். அப்பா இரண்டு தடவை தொண்டையைச் செருமிவிட்டு, செருப்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். அண்ணி எவர்சில்வர் தட்டில் டீயும் தண்ணீரும் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்து மட்டும் லேசாகச் சிரித்தாள். பெரியவர்கள் மழையைப் பற்றிப் பேசினார்கள். ஏரி உடைந்ததைப் பற்றிப் பேசினார்கள். பேச்சு தீர்ந்தது. அண்ணியின் அப்பாதான் எழுந்தார்.

"சம்மந்தி, பொண்ணு சின்னப் பொண்ணு. ஏதோ தெரியாம பண்ணிட்டா. வளத்தது நாங்க, தப்பு எங்க மேலதான். புத்தி சொல்லி அனுப்பறோம். நீங்க மனசுல வச்சிக்கக் கூடாது." சொல்லிக்கொண்டே கைகூப்பிவிட்டார்.

கதவோரம் நின்ற அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நொடியில் அப்பா "சரி விடுங்க சம்மந்தி" என்று சொல்லியிருந்தால் காரியம் சுலபமாக முடிந்திருக்கும். அண்ணி வந்திருப்பாள், லைனை ரகசியமாகச் சரிசெய்திருப்பார், பெயரும் கெட்டிருக்காது. காலம் பூரா தப்பு அண்ணி மேல் இருந்திருக்கும்.

அப்பா டீ தம்ளர்களை எடுத்துத் தரையில் வைத்தார். தண்ணீர்ச் சொம்பை எடுத்துக் காலித் தட்டில் ஊற்றினார். தண்ணீர் நின்றது.

"இதான் சம்மந்தி நான் போட்ட லைனு" என்றார். பிறகு தட்டை ஒரு பக்கம் தூக்கினார். தண்ணீர் அவர் வேட்டியிலேயே கொட்டியது. "இப்படி இருந்திருக்கணும். ஓட வேண்டியத நிக்க வச்சுட்டேன். ஒங்க பொண்ணு ஒண்ணும் பண்ணல. கைய எறக்குங்க, எனக்கு ஒடம்பெல்லாம் கூசுது."

அண்ணிதான் பேசினாள். கதவை விட்டு ஓரடி முன்னால் வந்தாள்.

"எங்கப்பாகிட்ட சொல்லிட்டீங்க மாமா, சந்தோசம். ஆனா என்னப் பத்திப் பேசுனது இங்க இல்லியே. கொழாயடியில. அங்க சொல்லுங்க. நான் வர்றேன்."

"ஏய், மாமாகிட்ட இன்னா பேச்சு பேசற?" என்று அவள் அப்பா சீறினார்.

"பேசட்டும் சம்மந்தி. நாயம்தான" என்றார் அப்பா.

வந்ததும் முதலில் லைனைச் சரிசெய்தார். கக்கூஸ் பக்கம் மண்ணை ஏற்றி, தொட்டிப் பக்கம் இறக்கி, கோணலாகப் புதுப் பைப்பை வைக்கும்போது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே, பல் பிடுங்குகிறவரிடம் வாயைத் திறந்தது போல இருந்தது. மறுநாள் காலை அம்மாவின் நீலக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அவர் குழாயடிக்குப் போனார். எங்கள் தெருவில் எந்த ஆம்பளையும் அந்த வரிசையில் நின்றதில்லை. பேச்சு சட்டென்று நின்றுவிட்டது.

"இன்னா மேஸ்திரி, அக்காவுக்கு ஒடம்பு சரியில்லியா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அவளுக்கு ஒண்ணுமில்ல. ஒரு சமாச்சாரம் சொல்ல வந்தேன்." அப்பா குடத்தைக் கீழே வைத்தார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. "எம்மருமவ கக்கூஸ்ல எதையும் போடல. லைனு போட்டவன் நான். வாட்டம் உடாம மட்டமா போட்டுட்டேன். அதான் அடைச்சுது. தப்பு என்னுது. எல்லாரும் கேட்டுக்குங்க."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள், எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "மட்டம் பாக்கிற மேஸ்திரிக்கே மட்டம் ஒதைச்சிடுச்சா!" அந்தச் சிரிப்பு அளம் வரைக்கும் போனது. தை மாதம் பாத்தி மிதிக்கும்போது, "மேஸ்திரி, வாட்டம் பாத்து மிதிங்க" என்று கூலிக்கு வந்தவர்கள்கூடக் கிண்டல் செய்தார்கள். அப்பா கடைசி வரை அதற்குப் பதில் சொன்னதில்லை. வீடு தேடி வந்து கூட்டிப் போகிறவர்களும் குறைந்துபோனார்கள்.

அம்மா அன்றைக்கு வீட்டை விட்டு வெளியே வரவில்லை. "எம்மானத்த வாங்கிட்ட இல்ல?" என்று அப்பாவிடம் கேட்டதோடு சரி, பேச்சை நிறுத்திவிட்டாள். அண்ணி வருகிறாள் என்று அண்ணன் சொன்னபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அரிசி புடைத்தாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. வருகிறவளை வாசலிலேயே என்ன சொல்லித் துரத்தப்போகிறாளோ என்று, பஸ் வருவதற்கு முன்பே நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

அங்கே மழைத் தூறலில் குடையைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றிருந்தாள்.

அண்ணி இறங்கினாள். அம்மாவைப் பார்த்ததும் படியிலேயே தயங்கினாள். அம்மா அவள் கையிலிருந்த பையைப் பிடுங்கிக்கொண்டு, "வழுக்குது, பாத்து எறங்கு" என்றாள். வழியெல்லாம் இரண்டு பேரும் ஒரே குடைக்குள் நடந்தார்கள். அம்மாவின் ஒரு பக்கத் தோள் முழுக்க நனைந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அண்ணி எங்கே உட்காருவது என்று தெரியாமல் நடுக்கூடத்தில் நின்றாள்.

அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அவ்ளோ தூரம் பஸ்ல வந்திருக்க. மொதல்ல பின்னால போய்ட்டு வா. கக்கூஸ் வாளியில தண்ணி ரொப்பி வச்சிருக்கேன்."

அண்ணி உடைந்து அழுதாள். அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்புறம் அம்மாதான் முதலில் மூக்கைச் சிந்திவிட்டு, "அழுதுனே நிக்காத, போ" என்று அவள் முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.